தடிக்கும் வாங்குக்கும் நடுவே

போன கிழமை என் மகன் ஒரு பில்லியட் தடியை வீட்டுக்குக் கொண்டு வந்தான். கிளிநொச்சி டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் பச்சைத் துணி போர்த்த மூன்று மேசைகள் இருக்கின்றனவாம். வேலை முடிந்ததும் இவனும் கூட்டாளிமாரும் அங்கேதான். சொந்தத் தடி வேண்டுமென்று ஆசைப்பட்டு வாங்கினான், வாங்கியதை ஒரு மாதம் பரந்தன் வெயிலில் வான் வண்டிக்குள் போட்டு வைத்தான், இப்போது வளைந்துவிட்டது என்று தலையில் கை வைக்கிறான். குசினி வாசலுக்குப் பிளாஸ்ரிக் மேசையை இழுத்து வந்து தடியை அதில் உருட்டுகிறான், போனைப் பார்க்கிறான், திரும்பவும் உருட்டுகிறான். போனில் ஒருவன் நீராவி பிடிக்கச் சொல்கிறான். இன்னொருவன் முழங்காலில் வைத்து அழுத்தச் சொல்கிறான்.

"முதலிலை மேசையைப் பார்," என்றேன்.

"அம்மா, உங்களுக்கு உதுகள் விளங்காது. சும்மா இருங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் பள்ளம் விழுந்த அந்த மேசையில்தான் நான் தினமும் காய்கறி வெட்டுகிறேன், தக்காளி வைத்தால் நடுவுக்கு ஓடி வரும். ஆனாலும் எனக்கு விளங்காதாம். அறுபது வயது தாண்டியும் இதே பேச்சுத்தான். என்னோடு ஒரே காலத்தில் பாவாடை கட்டித் திரிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். இதே கதை எனக்குப் பத்து வயதிலும் நடந்தது. அன்றைக்கும் தடிதான்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் கிடந்தது. கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் பங்கு மண்டபம். அதற்குள் ஒரு பில்லியட் மேசை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது கோயிலுக்குக் கொடுத்ததாம். துணிக்குக் கீழே கற்பலகை. பங்குச் சாமியார் கிழமைக்கு ஒருமுறை அதில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்குக் கீழே காகிதத்தை மடித்துச் செருகுவார். ஊரில் வேறு எது சரிந்தாலும் அந்த மேசை சரியக்கூடாது அவருக்கு. பொடியன்கள் பொழுதுபட்டதும் அங்கே கூடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கலாம், அதோடு சரி. நான் தொங்கினேன். எந்தப் பந்து எந்தப் பொந்தில் விழும் என்று அடிக்கும் முன்பே எனக்குத் தெரியும். சொன்னால் கேட்க ஆளில்லை.

என் அண்ணனுக்கு அப்போது பதினேழு. மண்டபத்தில் அவனை வெல்ல ஒருவரும் இல்லை. ஆனால் அவன் மனம் மேசையில் இல்லை, எஞ்சினில் இருந்தது. வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டத் தொடங்கிய காலம் அது. யாருடைய எஞ்சின் நின்றுபோனாலும் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் சட்டையைக் கழற்றிவிட்டு, எண்ணெய்க்குள் கையை விட்டு, எப்படியோ அதைப் பேச வைத்துவிடுவான். கொழும்பில் சாமிமார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் எஞ்சின் வேலை பழக்குவார்கள். பங்குச் சாமியார் கடிதம் கொடுத்தால் இடம் கிடைக்கும். அண்ணன் அந்தக் கடிதத்துக்காக ஒரு வருடமாக அவர் பின்னால் திரிந்தான்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் மண்டபத்தைப் பூட்டினார்கள். தவக்காலம் நாற்பது நாளும் விளையாட்டில்லை. கோயிலில் சுருபங்களுக்கு ஊதாத் துணி போடுவது போல மேசைக்கும் ஒரு ஊதாத் துணி போட்டார் சாமியார். மற்றத் தடிகளைப் பூசை உடுப்பு வைக்கும் அறையில் அடுக்கினார். அந்த அறையில் கறையான் இருந்தது. தன்னுடைய சொந்தத் தடியை மட்டும் அங்கே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அண்ணனின் கையில் கொடுத்தார்.

"தம்பி, இதைச் சுவரிலை சாத்தி வைக்காதையும். படுக்க வையும். பாஸ்கு முடிஞ்ச திங்கள் கொண்டு வாரும். உம்மடை கடிதத்தையும் அண்டைக்கே தாறன்."

அண்ணன் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். நான் முன்னால் ஓடி நாய்களை விரட்டினேன்.

வீட்டில் ஐயா இருந்தார். ஐயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களப்பில் நிலத்தில் ஊன்றித் தோணியைத் தாங்கித் தள்ளிப் போகிற நீண்ட மரக்கோலை நிமிர்த்துவதில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வளைந்த கோலோடு தூரத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். சுறா எண்ணெய் பூசி, பொச்சுமட்டைத் தணலில் காட்டி, முற்றத்துப் பூவரசின் கவட்டில் செருகி, பக்குவமாக அமர்த்துவார். கடைசியில் என்னைக் கூப்பிடுவார். "மோனை, வந்து கண் வைச்சுப் பார்." நான் மணலில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, கோலின் நுனியிலிருந்து மற்ற நுனிவரை பார்ப்பேன். "நடுவிலை கொஞ்சம் இடப்பக்கம் ஐயா," என்பேன். அவர் இன்னொரு தரம் தணலில் காட்டுவார். என் கண்ணில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணன் தடியை நாங்கள் இருக்கும் நீட்டு வாங்கின் மேல் கிடத்தினான். அந்த வாங்கு ஐயா தன் கலியாணத்துக்குச் செய்தது. உடைந்த வள்ளம் ஒன்றின் வயிற்றுப் பலகையை எடுத்துச் சீவி, நான்கு கால் அடித்தது. சாமியார் வீடு மந்திரிக்க வந்தால் அதில்தான் இருப்பார். நாங்கள் சோறு தின்றதும், படித்ததும், காய்ச்சலில் கிடந்ததும் அதில்தான். சொந்தக்காரர் வந்தால் ஐயா அதைத் தட்டிக் காட்டி, "ஒரு நூல் பிசகாது," என்பார். வள்ளத்துக்கென்று ஒருமுறை வளைத்த பலகை எத்தனை வருடம் போனாலும் அந்த வளைவுக்குத் திரும்பப் பார்க்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். அது அவருக்குத் தெரியாமலிருக்க நியாயமே இல்லை. தன் கைவேலை என்றதும் மறந்துவிட்டார்.

பழக்க தோஷத்தில் ஐயா குனிந்து, தடியை ஒரு விரலால் உருட்டினார். மேற்கு வாசலால் வெயில் வந்துகொண்டிருந்தது. தடிக்கும் வாங்குக்கும் நடுவில், நகத்தடிப்பில், ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சம்.

"கோணல்," என்றார்.

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. "இல்லை ஐயா, சாமி அதாலைதானே விளையாடுறவர்."

"விளையாடுவார். அவருக்கு உது தெரியாது. நீ திருப்பிக் குடுக்கேக்கைதான் தெரியும். அப்ப ஆர் வளைச்சதெண்டு நினைப்பார்? உன்னைத்தான்."

"அப்பிடியெண்டால் இப்பவே போய்ச் சாமியிட்டைச் சொல்லிப்போடுங்கோவன்," என்றார் அம்மா குசினியிலிருந்து.

"சாமியிட்டைப் போய், உங்கடை தடி கோணல் எண்டு சொல்லுறதோ? உனக்கென்ன விசரே?"

பாருங்கள், அவர் கெட்டது நினைக்கவில்லை. பிள்ளையின் கடிதம் போய்விடக்கூடாது என்றுதான் துடித்தார். நாற்பது நாளுக்குள் நிமிர்த்திக் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை என்று கணக்குப் போட்டார். இதை அவருக்காக இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். நான் தடியின் தடித்த பக்கத்தில் கண் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் பூத்த வழுவழுப்பான மரம், நுனியில் நீலச் சோக்குத் தூள் படிந்த சின்னத் தோல். ஒரு நெளிவு இல்லை.

"நேர் ஐயா."

"நேரெண்டால் வெளிச்சம் எங்காலை வருது?"

"தெரியேல்லை. ஆனால் நேர்."

"இது சீமை மரம் மோனை. கண்ணை மயக்கும். வாங்கு பொய் சொல்லாது."

நான் முதல் தரம் சொன்னது அது.

அடுத்த நாள் நெற்றியில் சாம்பலோடு ஐயா தணல் மூட்டினார். சாமியாரின் தடிக்குச் சுறா எண்ணெய் பூசினார். அந்த மணம் உங்களுக்குத் தெரியும்தானே? தலையில் பட்டால் மூன்று முழுக்குக்கும் போகாது. தணலில் காட்டியதும் தடியின் மினுக்கம் கொப்பளித்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "மெல்ல ஐயா, மெல்ல," என்று மட்டும் சொன்னான். பூவரசங்கவட்டில் செருகி அமர்த்தி, வாங்கில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் அப்படியே கிடந்தது. திரும்பவும் தணல், திரும்பவும் கவடு, திரும்பவும் வெளிச்சம். இரண்டு கிழமைக்கு மேல் இப்படிப் போயிற்று. களப்பிலிருந்து ஐயா வந்ததும் இதே வேலை. சாப்பாடு ஆறும், அம்மா கத்துவார், தடி நிமிராது. ஐயாவின் வாய் நாளுக்கு நாள் கெட்டுப்போயிற்று. தவக்காலத்தில் தூஷணம் பேசுவது பாவம் என்று அம்மா காதைப் பொத்துவார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பின்னேரம் வீட்டில் யாரும் இல்லாதபோது தடியை வாங்கில் வைத்து உருட்டினேன். உருட்டும்போதுதான் கண்டேன். தடி உருள்கிறது, வெளிச்சம் உருளவில்லை. தடியைத் தலைமாற்றி வைத்தேன். வெளிச்சம் அதே இடத்தில். தடி கோணலென்றால் உருளும்போது வெளிச்சம் வந்து வந்து போக வேண்டாமா? அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்து, வாங்கின் ஓரத்தில் வெளிச்சம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடும் முடியும் இடத்தில் ஒரு கோடும் போட்டேன். பத்துத் தரம் உருட்டினேன். பத்துத் தரமும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் வெளிச்சம். அண்ணன் கொழும்புக்குப் போகப் போகிறான், அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தேன்.

ஐயா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஐயா, தடி நேர். வாங்குதான் கோணல். இஞ்சை பாருங்கோ, கோடு போட்டிருக்கிறன்."

காதைப் பிடித்துத் திருகினார் பாருங்கள், தோடு கழன்று மணலில் விழுந்தது. "என்ரை வாங்கோ? என்ரை வாங்கையோ கோணல் எண்டிறாய்? கரியாலை கீறிப் பழுதாக்கினதும் காணாமல்..."

தோட்டை மணலில் தேடிக்கொண்டே அழுதேன். அண்ணன் வந்து தேடித் தந்தான்.

"அண்ணை, நீயாவது வந்து பாரன். ஒருக்கா உருட்டிப் பாரன்."

"பேசாமல் இரு. ஐயாவுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியப் போகுது?"

அவன் போய்ப் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கிறவன், நாலு அடி தள்ளிக் கிடந்த வாங்கைப் பார்க்கவில்லை. ஐயா சொன்னால் முடிந்தது அவனுக்கு. எனக்கு யார் மேல் கூடக் கோபம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

தணல் சரிவராததால் ஐயா அடுத்த வைத்தியத்துக்குப் போனார். முற்றிய மரக்கோல் மசியாவிட்டால் களப்புச் சேற்றில் புதைத்து ஊறவைத்து, பிறகு நேரான மரத்தோடு சேர்த்துக் கட்டிக் காயவிடுவார்கள். தோணி தாங்குகிற காட்டுமரத்துக்கு அது சரி. சாமியாரின் தடியை மூன்று நாள் சேற்றில் புதைத்தார். நான்காம் நாள் எடுத்தபோது அதன் மினுக்கம் முழுக்க உரிந்து, வெளிறிப்போய், ஊறிய பனங்கிழங்கு மாதிரி இருந்தது. நுனித் தோல் கழன்றுவிட்டது. அண்ணன் அதைச் சேற்றுக்குள் துழாவி எடுத்து, கழுவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு கட்டினார்கள். எதோடு கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊரில் அத்தனை மரம் இருக்க, அத்தனை பலகை இருக்க, ஐயா அதை வாங்கோடு கட்டினார். என் இரண்டு கரிக்கோட்டுக்கும் நடுவில் வலை ஈயத்தைக் கும்பமாக ஏற்றி, தடியின் நடு வாங்கில் முட்டும்வரை அமர்த்தி, கயிறு போட்டு இறுக்கினார்.

மூன்று கிழமை அந்த வாங்கில் யாரும் இருக்கவில்லை. அம்மா அதற்கு ஒரு பழைய சேலையைப் போர்த்தினார். கோயிலிலும் துணி, வீட்டிலும் துணி. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து வந்து நிலத்தில் குந்தியிருந்து கஞ்சி குடித்தோம். வீடு முழுக்கச் சுறா எண்ணெய் மணம், சேற்று மணம். அம்மா இரவுச் செபத்தில் ஒரு பரலோக மந்திரம் கூடுதலாகச் சொல்லச் சொன்னார், தடிக்காக. நான் சொன்னேன். ஆனால் தடிக்காக இல்லை, ஐயா ஒருதரம் அந்த வாங்கைக் குனிந்து பார்க்க வேண்டுமென்று. யேசுவும் காது கொடுக்கவில்லை.

பாஸ்குவுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, கட்டை அவிழ்த்தார்கள். ஐயா ஈயத்தை ஒவ்வொன்றாக இறக்கினார். மேற்கு வாசலால் அதே வெயில். எல்லோரும் குனிந்தோம். வெளிச்சம் இல்லை. ஒரு ஊசி போக இடமில்லை.

"கண்டனியோ!" என்று ஐயா தொடையில் தட்டினார். நாற்பது நாளில் அன்றைக்குத்தான் சிரித்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணன் அப்படியே சுவரோடு சரிந்து இருந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. "உருட்டிப் பாருங்கோ ஐயா."

"என்னத்தை உருட்ட? நிமிந்து கிடக்கிறது உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

நான் கையை நீட்டினேன். ஐயா தட்டிவிட்டார். "கை வையாதை! இப்பதான் நிமிந்து கிடக்கு."

"அது வாங்கு மாதிரி வளைஞ்சிட்டுது ஐயா..."

"எடியே, பெரிய சனியும் அதுவுமா வாயை மூடு!" என்று அம்மா என் வாயைப் பொத்தினார். அம்மாவின் கையிலும் சுறா எண்ணெய் மணந்தது.

நான் மூன்றாம் தரம் சொன்னது அது.

அண்ணன் நுனித் தோலைப் பசை வைத்து ஒட்டினான். தடியை உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, பழையபடி விரிப்பில் சுற்றினான். ஈஸ்டருக்கு மறுநாள், பாஸ்குத் திங்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நான் பின்னாலே ஓடி யன்னலில் தொங்கினேன். மேசையிலிருந்து ஊதாத் துணியை எடுத்திருந்தார்கள். பொடியன்கள் இருபது பேர் நின்றார்கள். சாமியார் மேசை ஓரத்தில் வெள்ளை அங்கியோடு நின்றார். அங்கிப் பையில் ஒரு நீளமான கடிதவுறை எட்டிப் பார்த்தது. எழுதியே வைத்திருந்தார். அதை நான் என் கண்ணால் கண்டேன்.

தடியை வாங்கினார். விரிப்பைக் கழற்றினார். மூக்கைச் சுருக்கினார். தடியை மேசையில் வைத்து உருட்டினார்.

அது உருளவில்லை. கோழி தண்ணீர் குடிப்பது போல நுனி எழும்பி எழும்பி விழுந்தது. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் கையைக் காட்டினார், சத்தம் நின்றது.

"தம்பி, இதாலை தோணி தாங்கினனீரோ?"

அண்ணன் தடியையே பார்த்துக்கொண்டு நின்றான். மரக்கோல் நிமிர்த்துவதில் பெயரெடுத்த தன் தகப்பன்தான் இதைத் தணலில் வாட்டி, சேற்றில் புதைத்து, வாங்கில் கட்டி வைத்தவர் என்று அந்த இருபது பொடியன்களுக்கு முன்னால் அவனால் சொல்ல முடியுமா? அடுத்த நாள் கரை முழுக்க ஐயா சிரிப்பாகிவிடுவார்.

"ஓம் சாமி," என்றான்.

"சாமி, அண்ணை இல்லை! வாங்கு! எங்கடை வாங்குதான் கோணல்!" என்று நான் யன்னலில் நின்று கத்தினேன்.

உள்ளே கொல்லென்று சிரிப்பு. "பெட்டையளை யன்னலாலை இறக்குங்கோ," என்றார் சாமியார். யாரோ என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். விழும்போது அவருடைய குரல் மட்டும் கேட்டது. "ஒரு தடியை நாப்பது நாள் பாக்கத் தெரியாத ஆளை, நான் எந்த முகத்தோடை அங்கை அனுப்புறது? கடிதத்தை நான் வைச்சுக்கொள்ளுறன். தடி இனி உமக்குத்தான், கொண்டுபோம்."

அவரும் நல்ல மனுஷன்தான். நியாயத்தைத்தான் செய்ததாக நினைத்திருப்பார். இப்படி நல்ல மனுஷர்களாகச் சேர்ந்துதான் அண்ணனை முடித்தார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வரவில்லை, கடற்கரைக்குப் போய்விட்டான். நான்தான் நடந்ததை ஐயாவுக்குச் சொன்னேன். "சாமியின்ரை மேசையிலை தடி துள்ளிச்சுது ஐயா. அண்ணை தான்தான் பழுதாக்கினதெண்டு சொல்லிப்போட்டான். கடிதம் இல்லையாம்." வாங்கைப் பற்றி அப்போது நான் வாயே திறக்கவில்லை. காதைத் திருகியது இன்னும் மறக்கவில்லை.

ஐயா வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்தார். பிறகு வலைநூலின் ஒரு தலைப்பை என்னிடம் நீட்டினார்.

"உந்தப் பக்கத்திலை இறுக்கிப் பிடி."

வாங்கின் ஒரு முனையில் நான் பிடித்தேன், மறுமுனையில் அவர். நூல் விறைத்து நின்றது. அதற்குக் கீழே, என் இரண்டு கரிக்கோட்டுக்கும் நடுவில், நகத்தடிப்பில் வெளிச்சம். ஐயா குனிந்து பார்த்தார். கரிக்கோட்டைப் பெருவிரலால் தடவினார். அதை யார் போட்டதென்று கேட்கவில்லை. நூலைச் சுற்றிக் கடகத்தில் போட்டுவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

சரி, இனிப் போய்ச் சாமியாரிடம் சொல்லுவார் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லுவார், அதற்கடுத்த நாள் சொல்லுவார். "நாளைக்குப் போறன்," என்று ஒவ்வொரு நாளும் அம்மாவிடம் சொன்னார். ஒன்பது நாள்! அந்த ஒன்பது நாளும் அண்ணன் அவரோடு வள்ளத்தில் போய் வந்தான். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்கள் இருவரையும் பிடித்துக் கிணற்றுக்குள் தள்ளலாம் போலிருந்தது. ஒன்பதாம் நாள் சாமியாருக்கு மாற்றம் வந்து, அவர் காலை பஸ்ஸில் போய்விட்டார். அவர்கள் இருவரும் அப்போது கடலில்.

பத்தாம் நாள் பின்னேரம் ஐயா குளித்து, வேட்டி கட்டி, தலைக்குச் சும்மாடு வைத்து, வாங்கைத் தூக்கித் தலையில் ஏற்றினார்.

"எங்கை காவிக்கொண்டு போறியள்?" என்று அம்மா ஓடி வந்தார்.

"புதுச் சாமியிட்டை. சாமி ஆரெண்டாலும் சாமிதானே. வாங்கைக் காட்டி, நூலைப் பிடிச்சுக் காட்டிச் சொல்லப் போறன், பொடியனிலை பிழையில்லையெண்டு. இவரும் கடிதம் எழுதுவார்தானே. மோனை, நூலை எடு. வா."

தெரு முழுக்கப் பார்த்தது. நான் நூற்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். என் வாழ்க்கையில் ஐயாவை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

புதுச் சாமியார் இளம் ஆள். அறை வாசலில் பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டு நின்றார். ஐயா வாங்கை இறக்கி வைத்தார். வேர்வை வழிந்தது. வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல.

"சாமி, இந்த வாங்கு..."

"ஆ, கோயிலுக்குக் கொண்டு வந்தனீங்களோ? நல்ல காரியம். வந்த கையோடை ஆக்கள் இருக்க இடமில்லையே எண்டு யோசிச்சனான். ஆண்டவர் உங்கடை குடும்பத்தை ஆசீர்வதிப்பார்."

ஐயா வாங்கின் ஓரத்தை உள்ளங்கையால் துடைத்தார். நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "சொல்லுங்கோ ஐயா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகச் சேர்த்து வைத்த துணிவெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஓம் சாமி," என்றார். "கோயிலுக்குத்தான்."

அந்த வாங்கு அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கோயில் முன்மண்டபத்தில் கிடந்தது. ஓரத்தில் 'உபயம்' என்று வெள்ளைப் பெயின்றில் ஐயாவின் பெயரையும் எழுதிவிட்டார்கள். இருந்தால் நடுவுக்குச் சறுக்கும். அண்ணன் தன் கலியாணத்தன்று அதில் இருந்துதான் சப்பாத்துக் கட்டினான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கோயிலும் மேசையும் வாங்கும் சேர்ந்தே போயின. தடியை அம்மா உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முட்டாகக் கொடுத்திருந்தார். அது அதற்கு முன்பே சண்டைக்கால இடம்பெயர்வு ஒன்றில் எங்கோ விடுபட்டுவிட்டது. அண்ணன் கடைசிவரை கடலுக்குத்தான் போனான். இப்போது முதுகு கூனிப்போய்த் தர்மபுரத்தில் மகளின் வீட்டில் இருக்கிறான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்ப் பம்ப் நின்றால் இன்றைக்கும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கதையை எடுத்தால், "விடு பிள்ளை, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது," என்கிறான். அவனுக்கு முடிந்திருக்கலாம்.

எனக்கு முடியாததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. கோயிலிலிருந்து திரும்பி வரும்போது ஐயா சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். களப்புப் பக்கம் திரும்பும் இடத்தில் நின்றார். கோபமில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற குரல்.

"ஏன் மோனை, நீ கண் வைச்சுப் பாக்கிறனிதானே. வாங்கு கோணலெண்டு உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சால் ஏனடி சொல்லேல்லை?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என் காதைத் திருகியதும் இல்லை, கையைத் தட்டிவிட்டதும் இல்லை. சத்தியமாக ஞாபகமில்லை. அந்த முகம் அவ்வளவு சோர்ந்து கிடந்தது. நூற்கட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல் அவர் பின்னால் நடந்தேன். அந்த நாற்பது நாளிலும் அதற்குப் பிந்திய நாட்களிலும் அவர் கேட்டும் நான் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தரம்தான்.